80 ஆட்டம், 67 தோல்வி... குப்பைத்தொட்டியைக் கோப்பையாக்கிய அணியின் கதை!

1975, மார்ச் 28. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், ஓக்லாந்து நகரம். ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டம் அப்போதுதான் முடிந்திருக்கிறது. ஜெயித்த அணியின் வீரர்கள் டிரெஸ்ஸிங் ரூமிலிருந்த குப்பைத்தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மறுபடி மைதானத்துக்குள் வருகிறார்கள். சாம்பியன்கள் கோப்பையோடு வலம் வருவார்களே, அதேபோல ஐஸ் மேல் சறுக்கியபடி ஒரு ரவுண்டு. யோசனை டாமி வில்லியம்ஸ் என்ற சீனியர் வீரருடையது.

இத்தனைக்கும் அது ஃபைனல் இல்லை, செமி ஃபைனலும் இல்லை. சாதாரண லீக் ஆட்டம். எதிரணியும் பெரிய சூரப்புலி கிடையாது. ஆனாலும் ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்கிறீர்களா? அந்த அணி வெளியூரில் விளையாடிய முந்தைய 37 ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. வரிசையாக 37. நடுவில் ஒரு டிரா கூட இல்லை.

அந்த அணியின் பெயர் வாஷிங்டன் கேப்பிடல்ஸ். 1974-75 அதன் முதல் சீஸன். மொத்தம் 80 ஆட்டம், 8 வெற்றி, 67 தோல்வி, 5 டிரா. வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்-லின் வரலாற்றில் இதைவிட மோசமான சீஸன், புள்ளி விகிதக் கணக்கில், இன்றுவரை எந்த அணிக்கும் இல்லை.

'ஆடத் தெரியாதவங்களா இருந்திருப்பாங்க'னு கடந்துபோக நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். ஆட்டக்காரர்களைவிட விதிமுறைகள்தான் அந்த அணியை அதிகம் தோற்கடித்தன. எப்படி என்று புரிய, ஐஸ் ஹாக்கி எப்படி ஆடப்படுகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஓர் அணிக்கு ஒரே சமயத்தில் ஐஸ் மேல் ஆறு பேர். ஒருவர் கோல்கீப்பர், இரண்டு பேர் டிஃபென்ஸ், மூன்று பேர் ஃபார்வர்டு. பந்துக்குப் பதிலாக, 'பக்' எனப்படும் ரப்பர் வட்டு. 20 நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகள். இங்கேதான் விஷயமே. கோல்கீப்பரைத் தவிர யாரும் தொடர்ந்து ஆட முடியாது. முழு வேகத்தில் சறுக்கினால் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வாங்கிவிடும். அதனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கூட்டம் வெளியே போக, அடுத்த கூட்டம் உள்ளே குதிக்கும். உலகின் தலைசிறந்த ஃபார்வர்டு கூட ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஐஸ் மேல் இருப்பார்.

கிரிக்கெட்டில் ஒருத்தர் நின்று ஆடினால் மேட்ச்சைக் காப்பாற்றிவிடலாம். இங்கே அதெல்லாம் ரொம்பக் கஷ்டம். பெஞ்ச்சில் உட்கார்ந்திருக்கும் கடைசி ஆள் வரைக்கும் தரமாக இருந்தாக வேண்டும். அப்படி ஒரு பெஞ்ச்சைப் புது அணி எங்கிருந்து பிடிக்கும்?

அதற்காக லீக் நடத்தியதுதான் 'எக்ஸ்பான்ஷன் டிராஃப்ட்'. ஏற்கெனவே இருக்கும் அணிகளிடமிருந்து புது அணிகள் ஆட்களை எடுத்துக்கொள்ளலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய அணிகள் ஒவ்வொன்றும் முதலில் இரண்டு கோல்கீப்பர்களையும் 15 ஆட்டக்காரர்களையும் 'இவங்க எங்க ஆளுங்க, தொடாதீங்க' என்று ஒதுக்கிவைத்துக்கொள்ளலாம். ஓர் ஆட்டத்துக்கு அணி இறக்குவதே கிட்டத்தட்ட அவ்வளவு பேரைத்தான். அதாவது, நிஜமாக ஆடுகிறவர்கள் எல்லாரும் பத்திரம். அதற்கப்புறம் மிச்சமிருப்பவர்களில் இருந்து பொறுக்கிக்கொள்ளலாம். பந்தி முடிந்த பிறகு போய் உட்கார்ந்த கதைதான். இந்தச் சலுகைக்கு நுழைவுக் கட்டணம் 60 லட்சம் டாலர்!

வாஷிங்டனுக்கு நேரமும் சரியில்லை. 1967 வரை என்.ஹெச்.எல்-லில் மொத்தமே ஆறு அணிகள்தான். அதன் பிறகு லீக் மடமடவெனப் பெருத்தது. 12, 14, 16 என்று ஏறி, 1974-ல் வாஷிங்டனும் கன்சாஸ் சிட்டியும் சேர்ந்தபோது 18. போதாக்குறைக்கு 1972-ல் டபிள்யூ.ஹெச்.ஏ என்ற போட்டி லீக் வேறு கிளம்பி, பெரிய சம்பளம் காட்டி வீரர்களை இழுக்க ஆரம்பித்தது. பாபி ஹல் மாதிரியான சூப்பர் ஸ்டாரே அந்தப் பக்கம் தாவினார். 1974-75ல் அந்த லீக்கில் 14 அணிகள்.

கூட்டிப்பாருங்கள். ஏழே ஆண்டுகளில் ஆறு அணி, 32 அணி ஆகிவிட்டது. ஐரோப்பிய வீரர்கள் பெரிய எண்ணிக்கையில் வர ஆரம்பிக்காத காலம் அது. ஏறக்குறைய எல்லா ஆட்டக்காரர்களும் கனடாவிலிருந்துதான் வந்தாக வேண்டும். அந்த நாட்டின் மக்கள்தொகை மட்டும் ஏழு வருஷத்தில் ஐந்து மடங்கு ஆகிவிடவில்லையே!

இந்த நிலைமையில் வாஷிங்டன் சேர்த்த அணி எப்படி இருந்தது? கேப்டன் டக் மோன்ஸுக்கு 40 வயது. டிசம்பரில் 41. அவருக்கு அது 22-வது சீஸன், அதுவே கடைசியும். குப்பைத்தொட்டி புகழ் டாமி வில்லியம்ஸ், 1960 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆடியவர். வாஷிங்டனுக்கு வரும்போது அவருடைய நல்ல காலம் பின்னால் போயிருந்தது. அப்படியும் 22 கோல், 36 அசிஸ்ட் என அந்த சீஸனில் அணியின் டாப் ஸ்கோரர் அவர்தான். இன்னொரு முனையில், இளம் வீரர்களுக்கான டிராஃப்ட்டில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்ட கிரெக் ஜோலி. டிஃபென்ஸில் பொறுமையாகப் பழக்கி எடுக்க வேண்டிய பையன். நேராக வெள்ளத்தில் இறக்கிவிட்டார்கள்.

அணியைக் கட்டும் பொறுப்பில் இருந்தவர் மில்ட் ஷ்மிட். பாஸ்டன் அணியின் ஜாம்பவான். அங்கே நிர்வாகியாக இருந்தபோது ஃபில் எஸ்போசிட்டோவை சிகாகோவிடமிருந்து கொண்டுவந்த கெட்டிக்காரர். ஆகவே, 'நிர்வாகத்துக்கு விவரம் பத்தலை' என்றும் சொல்லிவிட முடியாது.

முதல் ஆட்டம், 1974 அக்டோபர் 9, நியூயார்க் ரேஞ்சர்ஸுடன். 6-3 என்று தோல்வி. பரவாயில்லையே என்றுதான் தோன்றும். சொந்த ஊரில் நடந்த முதல் ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸுடன் 1-1 டிரா. இரண்டே நாளில், அக்டோபர் 17-ம் தேதி, சிகாகோவை 4-3 என வீழ்த்தி முதல் வெற்றி. வாஷிங்டன் ரசிகர்கள் அன்றைக்குத் தூங்கப்போகும்போது என்ன கனவெல்லாம் கண்டார்களோ, பாவம்!

அடுத்து வந்ததெல்லாம் அடிமேல் அடி. சீஸன் முடிவில் வாங்கிய கோல்கள் 446. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்தரைக்கு மேல். ஒரே சீஸனில் அதிக கோல் வாங்கிய அணி என்ற அந்தச் சாதனையும் இன்னும் இவர்களிடமே இருக்கிறது. போட்ட கோல்கள் 181.

இந்த 446-ம் பறந்து வந்த திசையில் நின்றவர்களை நினைத்துப்பாருங்கள். மிஷேல் பெல்யூமர் என்ற கோல்கீப்பர் அந்த சீஸனில் 35 ஆட்டங்களில் இறங்கினார். அவர் கணக்கில் 24 தோல்வி, 3 டிரா. வெற்றி? பூஜ்யம். இத்தனைக்கும் மனிதர் சும்மா நின்றவர் இல்லை. சிகாகோவுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் இரண்டு பெனால்டி ஷாட்களைத் தடுத்தார். பெனால்டி ஷாட் என்றால், எதிரணியின் ஒரே ஒரு ஆள், முழு மைதானமும் காலியாக, தனியாக கோல்கீப்பரை நோக்கிப் பாய்ந்துவருவது. அதை ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை தடுப்பது லேசுப்பட்ட விஷயமில்லை. அப்படியும் அந்த ஆட்டத்தில் அணி தோற்றது. அதற்கு முன் ஃபிலடெல்ஃபியா அணியில் 9 ஆட்டங்களை ஜெயித்துக்கொடுத்தவர், வாஷிங்டன் சட்டையில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த சீஸனிலும் இல்லை. அத்தோடு அவருடைய என்.ஹெச்.எல் வாழ்க்கை முடிந்தது. இன்னொரு கோல்கீப்பரான ரான் லோதான் அந்த 8 வெற்றிகளுக்கும் சொந்தக்காரர். அவர் கணக்கிலும் 36 தோல்விகள் உண்டு.

கோச்கள் கதை தனி. ஜிம் ஆண்டர்சன் 54 ஆட்டங்கள் தாக்குப்பிடித்தார். வென்றது நான்கு. அவரை எடுத்துவிட்டு ரெட் சல்லிவனைக் கொண்டுவந்தார்கள். அவர் 18 ஆட்டங்களோடு கிளம்பினார். வென்றது இரண்டு. கடைசி எட்டு ஆட்டங்களுக்கு வேறு வழியில்லாமல் நிர்வாகி மில்ட் ஷ்மிட்டே பெஞ்ச்சுக்குப் பின்னால் வந்து நின்றார். ஆறு தோல்வி, இரண்டு வெற்றி. பிப்ரவரியிலிருந்து மார்ச் வரை தொடர்ச்சியாக 17 தோல்விகள். அது இந்த மூவரில் யாரால் நடந்தது என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

உடை விஷயத்திலும் சொதப்பல். வெளியூர் ஆட்டங்களுக்குச் சிவப்புச் சட்டையும் வெள்ளை பேன்ட்டும் கொடுத்திருந்தார்கள். வியர்வையிலும் ஐஸ் ஈரத்திலும் அது என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை போல. சீக்கிரமே மாற்றிவிட்டார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? அணியின் ஓனர் ஏப் போலின், அதே நகரத்தில் ஒரு கூடைப்பந்து அணியும் வைத்திருந்தார். வாஷிங்டன் புல்லட்ஸ். இரண்டு அணிக்கும் ஒரே அரங்கம், லேண்ட்ஓவரில் அவர் புதிதாகக் கட்டிய கேப்பிடல் சென்டர். அதே 1974-75 சீஸனில் புல்லட்ஸ் என்.பி.ஏ ஃபைனல் வரை போனது. ஒரே முதலாளி, ஒரே கூரை. ஒரு நாள் கொண்டாட்டம், மறுநாள் ஒப்பாரி.

ஆனால், இந்தக் கதையில் என்னை ரொம்பத் தொந்தரவு செய்தவர் வேறொருவர். பில் மிக்கெல்சன், டிஃபென்ஸ் வீரர்.

ஐஸ் ஹாக்கியில் 'ப்ளஸ் மைனஸ்' என்று ஒரு கணக்கு உண்டு. இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் ஆட்கள் இருக்கும்போது, நீங்கள் ஐஸ் மேல் இருக்கும் நேரத்தில் உங்கள் அணி கோல் போட்டால் உங்களுக்கு ப்ளஸ் ஒன்று. கோல் வாங்கினால் மைனஸ் ஒன்று. தப்பு யாருடையது என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அங்கே இருந்தீர்களா, அவ்வளவுதான். இதில் உச்சம், 1970-71ல் பாஸ்டனின் பாபி ஓர் எடுத்த ப்ளஸ் 124. பாதாளம், 1974-75ல் பில் மிக்கெல்சன் வாங்கிய மைனஸ் 82. வெறும் 59 ஆட்டங்களில்.

அவர் ராசியைப் பாருங்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1972-73ல் அவர் இருந்த அணி நியூயார்க் ஐலண்டர்ஸ். அதுவும் அப்போது புத்தம்புது அணி. 12 வெற்றி, 60 தோல்வி. அங்கே அவருக்கு மைனஸ் 54. மோசமான முதல் சீஸன்கள் இரண்டையும் உள்ளே நின்று வாங்கியவர். அவர் மட்டமான ஆட்டக்காரர் என்பதற்கு இந்த எண் சாட்சி என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையிலேயே மட்டமான ஆளை எந்த கோச்சும் 59 ஆட்டங்கள் இறக்க மாட்டார். மைனஸ் 82 வாங்க வேண்டுமென்றால், திரும்பத் திரும்ப உங்களை நம்பி அனுப்பியிருக்க வேண்டும். எதிரணியின் வலுவான ஆட்கள் வரும்போதும் நீங்கள் போய் நின்றிருக்க வேண்டும். அந்த 82-ல் எத்தனை அவருடைய தப்பு, எத்தனை அவருக்கு முன்னால் பக்கைத் தவறவிட்டவர்களுடையது என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

இப்போது ஓக்லாந்துக்குத் திரும்புவோம். கலிஃபோர்னியா கோல்டன் சீல்ஸுக்கு எதிராக 5-3. அந்தக் குப்பைத்தொட்டி ஊர்வலத்தைப் பார்த்து அப்போது சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். வீரர்களே சிரித்துக்கொண்டுதான் செய்தார்கள். வெளியூர் கணக்கு கடைசியில் 1 வெற்றி, 39 தோல்வி. அந்த ஒன்று இதுதான். சீஸனின் கடைசி ஆட்டத்தில் சொந்த ஊரில் பிட்ஸ்பர்க்கை 8-4 என்று அடித்தார்கள். எட்டாவது வெற்றி.

அப்புறம் கதை நிமிர்ந்துவிட்டதா என்றால், உடனே இல்லை. அடுத்த சீஸனில் 11 வெற்றி, 59 தோல்வி. நடுவில் வெற்றியே இல்லாமல் 25 ஆட்டங்கள். முதல் எட்டு சீஸன்களில் ஒரு தடவை கூட பிளே ஆஃப் இல்லை. 1982-ல் அணி ஊரைவிட்டே போய்விடும் நிலை வந்து, ரசிகர்கள் 'கேப்ஸைக் காப்பாற்றுங்கள்' என்று டிக்கெட் விற்க இறங்கினார்கள். அந்த வருஷம்தான் ராட் லாங்வே என்ற டிஃபென்ஸ் வீரர் மான்ட்ரியலிலிருந்து வந்தார். 1983-ல் முதல் பிளே ஆஃப். அதிலிருந்து 1996 வரை ஒரு வருஷம்கூட விடாமல் 14 முறை. கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை.

அது வந்தது 2018 ஜூன் 7 அன்று, அலெக்ஸ் ஒவெச்கின் கேப்டனாக இருந்தபோது. ஸ்டான்லி கோப்பையை வாஷிங்டன் முதல்முறையாகத் தூக்கியது, லாஸ் வேகாஸ் நகரில். எதிரில் நின்று தோற்ற அணி எது தெரியுமா? வேகாஸ் கோல்டன் நைட்ஸ். அப்போதுதான் பிறந்த அணி. முதல் சீஸனிலேயே 51 வெற்றிகளோடு ஃபைனல் வரை வந்திருந்தது.

ஒரு புது அணி 8 வெற்றி, இன்னொரு புது அணி 51. இடையில் என்ன மாறியது? விதி. 2017-ல் பழைய அணிகள் ஒரு கோல்கீப்பரையும் பத்து ஆட்டக்காரர்களையும்தான் ஒதுக்கிவைக்க முடிந்தது. அல்லது ஒரு கோல்கீப்பர், எட்டுப் பேர். 30 அணிகளிடமிருந்தும் ஆளுக்கு ஒருவர் வேகாஸுக்கு. வழக்கமாக இறங்கி ஆடிக்கொண்டிருந்தவர்களே கிடைத்தார்கள். பிட்ஸ்பர்க்கோடு கோப்பைகள் வென்ற கோல்கீப்பர் மார்க் ஆந்த்ரே ஃப்ளூரி அப்படி வந்தவர்தான். நுழைவுக் கட்டணம் 50 கோடி டாலர் ஆகியிருந்தது. அவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு மிச்சம்மீதியைத் தலையில் கட்ட முடியுமா?

நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. 2022 ஐ.பி.எல்-லில் புதிதாக வந்த குஜராத் டைட்டன்ஸ் முதல் சீஸனிலேயே கோப்பையை அடித்தது. பழைய அணிகளுக்கு அதிகபட்சம் நான்கு பேரைத்தான் வைத்துக்கொள்ள அனுமதி. ஏலத்துக்கு முன்பே புது அணிகள் மூன்று பேரை எடுத்துக்கொள்ளலாம். ஹர்திக், ரஷித், கில் மூவரையும் குஜராத் அப்படித்தான் வாரியது. 'முதல் 15 பேரை யாரும் தொடக்கூடாது' என்று அன்றைக்கு விதி இருந்திருந்தால் குஜராத் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

பில் மிக்கெல்சனின் மைனஸ் 82 மட்டும் அரை நூற்றாண்டாக அப்படியே இருக்கிறது. அவருடைய மகன் பிரெண்டனும் என்.ஹெச்.எல்-லில் ஆடினார். மகள் மேகன் மிக்கெல்சன், கனடா பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்காக 2010 வான்கூவர், 2014 சோச்சி என இரண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அவர் ஆடிய இடம், அப்பா ஆடிய அதே டிஃபென்ஸ்.